ரெண்டு கட்டைவிரல் வெச்ச கிளவுஸ்

காலைல பத்தரை மணி. ராத்திரி இல்லப்பா, காலைலதான். சூரியனே எட்டிப் பாக்காத டிசம்பர்ல, நம்ம வடகோடித் தீவுல, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்... ராம்பெர்க் ஊரைத் தாண்டினா ரோட்டுல ஈ காக்கா கிடையாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். நடுவுல டோர்கெய்ரோட பழைய கார் மட்டும் போயிட்டிருக்கு.

எந்த டோர்கெய்ர்? நம்ம ஐனாரோட மச்சான். ஐனார் குடிச்சா பொய் சொல்ல மாட்டான், குடிக்கலேன்னாதான் சொல்லுவான். இதைச் சொன்னப்ப நல்லாவே குடிச்சிருந்தான். சிரிக்காதீங்க. அந்தக் கதவை இழுத்துச் சாத்துங்க, காத்து உள்ள வருது.

பக்கத்து சீட்டுல டோர்கெய்ரோட அக்கா ஆஷில்ட். பத்து மாசமா வாசப்படி தாண்டாதவ. எப்படியாவது நாலு மனுசங்க முகத்தைப் பாக்கட்டும்னு இவன் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தான். வழியில ஒரு காபி. மதியம் வைக்கிங் மியூசியத்துல ஆட்டுக்கறி சூப்பு. சாயங்காலம் வீடு. அவ்வளவுதான் திட்டம்.

பத்து மாசம் முன்னாடி, பிப்ரவரில, அவ மகன் யார்லே கடலுக்குப் போனான். ஒரே பையன். இருபத்திரெண்டு வயசு. அவனுக்கு புது கிளவுஸ் பின்னியிருந்தா. நம்ம கம்பளிக் கடல் கிளவுஸ்தான், விரல் விரலா பிரிக்காம பை மாதிரி இருக்குமே. ரெண்டு பக்கமும் கட்டைவிரல் வெச்சது, ஒரு பக்கம் தேஞ்சா திருப்பிப் போட்டுக்கலாம். உங்க வீட்டுலயும் பின்னுறாங்களே... கையைவிடப் பெருசா பின்னி, உப்புத்தண்ணில நனைச்சு, பலகைல தேய் தேய்னு தேச்சு சுருக்கணும். நாலஞ்சு தடவை. அப்பதான் கையோட கையா ஒட்டும்.

ஆஷில்ட் ரெண்டு தடவைதான் தேச்சா. படகு கிளம்பற அவசரம். "போதும்மா, படகுல நனைஞ்சு தானா சுருங்கிக்கும்"னு அவனே பிடுங்கிட்டு ஓடினான்.

அலை அடிச்சு அவன் தண்ணில விழுந்தப்ப, கூட இருந்த ஸ்டைனார் எட்டிப் பிடிச்சுட்டான். நல்லா பிடிச்சுட்டான். ஆனா கிளவுஸ்தான் கையோட வந்துச்சு... பையன் வரல. உடம்பும் கிடைக்கல. அந்த ஒத்தைக் கிளவுஸைப் பெட்டில வெச்சுப் புதைச்சாங்க. கிளவுஸ் கழண்டு வந்ததை ஸ்டைனார் ஏன்தான் அவகிட்ட சொன்னானோ, படுபாவி. அன்னையிலேருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். இன்னும் ரெண்டு தடவை தேச்சிருந்தா என் புள்ள இருந்திருப்பான்.

மியூசியம் போய்ச் சேர்ந்தாங்க. மேட்டு மேல அந்த நீட்டு வீடு, கவுத்துப் போட்ட படகு மாதிரி. உள்ள ஒரே இருட்டு. நடுவுல நெருப்பு. தார் வாசனை, புகை வாசனை... இவங்களைத் தவிர பாக்க வந்த ஆளே இல்ல. அங்க வேலை பாக்கற மாரித்னு ஒரு பொண்ணு சூப்பைக் கிண்டிட்டிருந்தா.

"தலைல போட்டுப் பாருக்கா, உனக்குப் பொருந்தும்"னு டோர்கெய்ர் மேஜைலேருந்து ஒரு இரும்புத் தொப்பியை எடுத்து நீட்டினான். அவ லேசா சிரிச்சா. பத்து மாசத்துல முதல் தடவை. இவனுக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு.

அந்த மேஜைலயே, வர்றவங்க தொட்டுப் பாக்க ஒரு கூடை வெச்சிருந்தாங்க. கம்பளி நூல், தக்ளி, அந்தக் காலத்து சாமான். கூடைக்கு அடியில... சொட்டு... சொட்டு...ன்னு தண்ணி விழுது.

அவ கையை விட்டு எடுத்தா.

ஒத்தைக் கிளவுஸ். சாம்பல் நிறம், மணிக்கட்டுல செவப்பு நூல் ரெண்டு வரி, ஒரு இடத்துல பின்னல் தப்பி முடிச்சு. அவ கை வேலை அவளுக்குத் தெரியாதா? மண்ணுக்குள்ள போனதா, கடலுக்குள்ள போனதா... அதுதான் தெரியல. ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கும். ஆனா இப்ப நல்லாக் கெட்டியா, சரியா அவன் கை அளவுக்குச் சுருங்கியிருந்துச்சு.

"இது எங்களோடது இல்லையே"ன்னா மாரித். "காலைல கூடையை நான்தான் அடுக்கினேன்."

ஆஷில்ட் உள்ள கையை விட்டா. அப்படியே நின்னுட்டா.

"அக்கா?"

"பிடிச்சுக்கிட்டான்டா"ன்னா. ரொம்ப மெதுவா.

டோர்கெய்ர் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான். அவ கேக்கல. கிளவுஸோடயே கார்ல ஏறினா. சூப்பு அப்படியே ஆறிப்போச்சு.

திரும்பி வர்ற வழி. ஹீட்டர் ஓடுது. கார் பூரா ஈரக் கம்பளி நாத்தம்... மீன் கவிச்சி. கடலுக்கடியில போற ரோட்டுச் சுரங்கத்துல இறங்கி ஏறினதும் அவ அலற ஆரம்பிச்சுட்டா. "விட்டுட்டான்... காயுதுடா... விட்டுட்டான்..."

வண்டி நிக்கறதுக்குள்ள கதவைத் திறந்து குதிச்சா. இருட்டுல, பாறை மேல, வழுக்கி விழுந்து, கடல்ல முழங்கால் ஆழத்துல இறங்கி கிளவுஸை முக்கினா. முக்கி எடுத்துக் கையை விட்டா. முகம் அப்படியே குளுந்து போச்சு.

இவன் டார்ச் அடிச்சுப் பார்த்தான். கிளவுஸ் முன்ன இருந்ததைவிட ஒரு சுத்து சின்னதா இருந்துச்சு.

புரியுதா? காஞ்சா பிடி விட்டுடுது. நனைச்சா பிடிக்குது. நனைக்க நனைக்க... சுருங்குது.

டோர்கெய்ர் அவ கால்ல விழாத குறையா சொல்லிப் பார்த்தான். "காயவிட்டுடுக்கா. போகட்டும் அவன். இல்லேன்னா நீயே அவனைக் கரைச்சுடுவ."

அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ஏற்கெனவே ஒரு தடவை போதும்னு நிறுத்தினேன்டா."

அப்புறம் தினமும் வாளில கடல் தண்ணி. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஜனவரிக் குளிருல விரலெல்லாம் வெடிச்சு ரத்தம்... விடல.

பிப்ரவரில டோர்கெய்ர் போனப்ப அவளே நீட்டினா. "மாமா வந்திருக்கேன்னு சொல்லு." வேற வழியில்லாம இவன் விரலை விட்டான். சுண்டுவிரல் மட்டும்தான் நுழைஞ்சுது. உள்ள ஏதோ ஒண்ணு... ஜில்லுன்னு... பொறந்த குழந்தை பிடிக்குமே, அந்த மாதிரி, அஞ்சு விரலாலயும் சுத்திப் பிடிச்சுது. இவன் அழுதுட்டான். பயத்துல இல்ல. எவ்வளவு கெட்டியா பிடிச்சான்னுதான் அழுதானாம்.

நேத்து ஐனார் ஃபோன் பண்ணான். இப்ப சுண்டுவிரலும் நுழையறதில்லையாம். தினம் நனைச்சு முடிச்சதும், பின்னல் ஊசியோட முனையை உள்ள விட்டுப் பாக்குறாளாம்...

ஊசியைப் பிடிக்குதாம்.