நான்கு திருகாணிகளும் ஒரு சிக்லிட் ஜோடியும்

மீன்களின் மனதைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் ஒருவர்தான். அது நான். இதைத் தற்பெருமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். மற்றவர்கள் யாரும் முயற்சி செய்யவில்லை, அவ்வளவுதான். நான் கல்லூரியில் விலங்கியல் படிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் பேராசிரியருக்கு மீனைத் தட்டில் பார்த்தால்தான் அடையாளம் தெரியும்.

நீங்கள் கேட்டது, உங்கள் போலீஸ்காரர்கள் எடுத்த போட்டோவில் என் அறைக் கதவில் தெரியும் நான்கு ஓட்டைகளைப் பற்றி. சொல்கிறேன். தொட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

அக்கா வீட்டுக் கூடத்தில் நான் வைத்திருக்கும் நாலடித் தொட்டியில் சிக்லிட் என்ற வளர்ப்பு மீனில் ஒரு ஜோடி இருந்தது. சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள். இந்த இனத்தில் ஒரு வேடிக்கை உண்டு: காதலும் சண்டையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பட்டை கறுக்கும், செவுள் விரியும், வாலால் தண்ணீரை அடிக்கும், கடைசியில் வாயோடு வாய் கவ்வி இழுக்கும். விவரம் தெரியாதவன் கொலை என்பான். அடுத்த வாரம் தட்டைக் கல்லின் மேல் முட்டை இருக்கும்.

மீன் கடைக்காரர் இருபது வருஷமாக விவரம் தெரியாதவர்.

"தம்பி, பொண்ணு மட்டும் நுழையுற அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு உள்ள போட்டு வை. ஆணுக்கு வெறி ஏறுச்சுன்னா இது ஓடிப்போய் ஒளிஞ்சுக்கும்."

"ஒளிஞ்சுகிட்டே இருந்தா எப்பண்ணே குடும்பம் நடத்தும்?"

"உசுரோட இருந்தாத்தான தம்பி குடும்பம்."

அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டேன். ஒளிந்துகொள்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் சிரிப்புதான் வரும். குழாய் வாங்கவில்லை. தொட்டியில் இருந்த உடைந்த பூந்தொட்டியையும் வெளியே எடுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் முட்டை. 'ஒளிய இடம் இருப்பதே உறவுக்கு எதிரி' என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். அதற்கு மூன்றாம் நாள் முட்டைகள் காணாமல் போனதை எழுதவில்லை. இடம் போதவில்லை.

இனி அக்கா. அந்த வீட்டில் உள்பக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை என்னுடையது மட்டும்தான். படுக்கையறைத் தாழ்ப்பாளை மாமா கல்யாணமான முதல் வருஷமே பெயர்த்துவிட்டார். அவர் குரல் ஏறினால் அக்கா என் அறைக்கு வந்துவிடுவாள், சில சமயம் பாதி நறுக்கிய வெங்காயத்தோடு.

"டேய் மீன் டாக்டர், பத்து நிமிஷம் தாழ் போட்டுக்கறேன். நீ பாட்டுக்குப் படி."

மாமா வெளியே நின்று தட்டுவார், உதைப்பார், சலித்துப் போய்விடுவார். உறவு பாதியிலேயே நின்றுபோகிறது என்று எனக்குப் பட்டது. தவிர, பரீட்சை நேரம். என் கட்டிலெல்லாம் வெங்காய வாசனை.

"நீ ஒளியறதாலதான்கா அவருக்கு ஏறுது."

"இதை உன் மீன்கிட்ட சொல்லு. அதுக்குத்தான் வேற போக்கிடம் இல்ல."

"சொல்லிட்டேன். முட்டை போட்டுடுச்சு."

அக்கா சிரித்தாள். அன்று அவள் கீழுதடு கிழிந்திருந்தது; முழுதாகச் சிரிக்க முடியாமல் கையால் பொத்திக்கொண்டாள். அதையும் நோட்டில் குறித்தேன். எந்தத் தலைப்பின் கீழ் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை காலை பெண் மீன் தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டருக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. ஒரு கண் இல்லை, வாலும் இல்லை. ஆண் மீன் தொட்டியின் நடுவே நிதானமாக உலவிக்கொண்டிருந்தது. அக்கா பார்ப்பதற்குள் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். கடைக்காரரிடம் மூச்சு விடவில்லை. ஒரு மீன் செத்ததற்காக ஒரு கொள்கையைக் கைவிட முடியுமா? இன்னொரு ஜோடியில் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தாழ்ப்பாளைக் கழற்றினேன்.

போன தடவை உங்களிடம் இந்த வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தேன். திருத்திக்கொள்ளுங்கள். மீன் முதலில், தாழ்ப்பாள் பிறகு. நான்கு திருகாணிகளையும் மீன் தீனி டப்பாவில் போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் மீன் கடையில் இருந்தேன் என்று சொன்னதும் சரியல்ல. கூடத்தில்தான் இருந்தேன், நோட்டோடு. இரண்டு பத்துக்கு மாமாவுக்கு நிறம் ஏறியது. இரண்டு பன்னிரண்டுக்கு அக்கா என் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே மரத்தைக் கை தடவும் சத்தம் கேட்டது.

"டேய், தாழ்ப்பாள் எங்கடா?"

"இனிமே தேவைப்படாதுக்கா."

மாமா என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை மடக்கி வழி விட்டேன். பதினோரு நிமிஷம். அதற்குள் அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். முதல் முறை என் பெயரைச் சொல்லி. இரண்டாம் முறை, மெதுவாக, "மீன் டாக்டர்" என்று. இரண்டுக்கும் நேரம் குறித்திருக்கிறேன்.

ஆக, அடித்துக் கொன்றது மாமா. ஒளிய இடத்தை எடுத்தது நான், என்ன ஆகும் என்று தெரிந்தே. என் பக்கம் தவறு என்று ஒன்றைச் சொல்வதானால், பெண் தயாராக இருக்கிறாளா என்று சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த ஜோடியில் கவனமாக இருப்பேன்.

மாமா திங்கட்கிழமை ஜாமீனில் வருகிறாராம். இங்கேதான் வருவார், அவர் வீடு. நான் நோட்டை உங்களிடம் கொடுத்தது அவருக்குத் தெரியும் என்கிறார்கள். எனக்குப் பயம் ஒன்றுமில்லை. அந்த மனிதரின் ஒவ்வோர் அசைவும் எனக்கு அத்துப்படி.

நீங்கள் தட்டியபோது கதவைத் திறக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டீர்களே. பழைய தாழ்ப்பாளைப் பழைய ஓட்டைகளிலேயே மாட்டிவிட்டேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, புதிதாக. மூன்றையும் விலக்க நேரமாகிறது. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், மேடம். நான் உள்ளே போட்டுக்கொள்கிறேன்.