கடலன்னை காத்திருந்த நாற்பது நிமிடம்

ஆயிரம் அகல்களின் நடுவே அமர்ந்து அலைகடலை ஆளும் எங்கள் மாஸு அன்னையே! அவள் கோயிலைக் கட்டிக் காக்கும் குழுவின் தலைவர், கோபம் வந்தால் புயலாகவும் தணிந்தால் தென்றலாகவும் மாறும் ஓங் அவர்களே! வலை வீசி வாழ்வை இழுத்து வரும் படகோட்டிப் பெருமக்களே! விடிந்தால் சிப்பி, பொழுதடைந்தால் சிப்பி என்று விரல் நுனி வெடிக்க உழைத்து வீட்டைத் தாங்கும் தாய்மார்களே! பல்லக்கைத் தூக்கித் தோள் சிவந்து, இப்போது அந்தத் தோளில் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும் தம்பிமார்களே! கடைசி வரிசையில் அமர்ந்து வேர்க்கடலை உடைத்தபடி "இவள் எப்போது முடிப்பாள், விருந்து எப்போது தொடங்கும்" என்று கணக்கிடும் அன்பர்களே! உங்கள் அனைவரையும் சந்தை முனைப் பூட்டுக்கடை ஷூ-மின் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

இன்று மாலை குறி கேட்கும் பிறைக்கட்டைகளை வீசி, தன் மகுடத்தை வரும் ஆண்டு காக்கும் காவலர் இருவரை அன்னை தேர்ந்தெடுக்கப் போகிறாள். அதற்கு முன்னால் மகுடப் பெட்டகத்தின் மின்னணுப் பூட்டை எப்படி இயக்குவது என்று பத்து நிமிடம் விளக்குமாறு தலைவர் கேட்டுக்கொண்டார். விளக்குகிறேன். ஆனால் அதற்கும் முன்னால், பெரியோர்களே, ஒரு வழக்கை இந்த மன்றத்தில் வைக்க வேண்டும்.

இன்று காலை ஊர்வலம் நாற்பது நிமிடம் தாமதமாயிற்று. முரசு நின்றது. கொம்பு நின்றது. வெடிச்சரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்களெல்லாம் வெயிலில் நின்றீர்கள். அப்போது தலைவர் ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்? "பூட்டு கெட்டுவிட்டது" என்றார்! என்னைத் திரும்பிப் பார்க்காதவர் இந்த முற்றத்தில் யார்? எங்கள் கடைக்கு இருபத்திரண்டு வயது. நான் மாட்டிய பூட்டு கெட்டதா? கெடவில்லை! நான் போட்ட மின்கலம் தீர்ந்ததா? தீரவில்லை! பின்னே ஏன் தாமதம்?

என்ன அண்ணே? நாற்பது இல்லை, நாற்பத்திரண்டு நிமிடமா? சரி, உங்கள் கைக்கடிகாரத்துக்கும் என் வணக்கம்.

நடந்ததைச் சொல்கிறேன். நடந்தது இருவருக்கு. அந்த இருவரும் இதே கூட்டத்தில் இருக்கிறார்கள். "சொல்லட்டுமா?" என்று இருவரையும் கேட்டேன். "சொல்" என்றார்கள். அவர்கள் அப்படிச் சொன்ன பிறகே இந்த மேடையேறினேன்.

பழைய பெட்டகத்துக்கு ஒரே ஒரு சாவி இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பழைய காவலர் பேரப்பிள்ளையைப் பார்க்கத் தலைநகருக்கு ரயிலேறியதும் நினைவிருக்கும். அன்று எடுத்த முடிவுதான் இந்த மின்னணுப் பூட்டு. இதில் பத்துப் பேருக்கு இடம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஆறு இலக்கம். தலைமை எண் என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டு ஓர் ஆளைச் சேர்க்கலாம்; ஓர் ஆளை நீக்கலாம். ஆனால் அதை வைத்துப் பெட்டகத்தைத் திறக்க முடியாது. யாருடைய எண் என்ன என்று பார்க்கவும் முடியாது. உங்கள் எண் உங்கள் நெஞ்சுக்குள் மட்டும்தான்.

குழுவினர் மேலும் இரண்டு கட்டளை இட்டார்கள். ஒருவர் தனித்துத் திறக்கக் கூடாது. முதல்வர் எண்ணை அழுத்திய ஒரு நிமிடத்துக்குள் இரண்டாமவர் தம் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்திய உடனேயும் திறக்கக் கூடாது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் பூட்டு கூவும். கூவிய இரண்டு நிமிடத்துக்குள் இருவரும் மறுபடி எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். அழுத்தத் தவறினால்? மறுபடி முதலிலிருந்து. மறுபடி பத்து நிமிடம். அவசரக்காரனுக்கு வழி விடாத பூட்டு இது.

சென்ற ஆண்டு இதே நாளில் கட்டை வீசினோம். ஒரு கட்டை மல்லாந்து, ஒரு கட்டை கவிழ்ந்தால் அன்னையின் சம்மதம். முதற்பெயர் வந்தது: படகுத் தலைவர் தியாம்-சாய். கைதட்டினீர்கள். இரண்டாம் பெயர் வந்தது: சிப்பி உடைக்கும் யூலான். அப்போது ஒரு கையும் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பது இத்துறைமுகத்துக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த விருந்தினருக்காகச் சொல்கிறேன்.

ஒன்பது ஆண்டுக்கு முன் ஒரு காலையில் தியாம்-சாயின் படகில் இரண்டு பேர் கடலுக்குப் போனார்கள். அவரும், யூலானின் கணவர் பூன்-லியோங்கும். எங்கிருந்தோ எழுந்த ஒரே அலை படகைக் கவிழ்த்தது. பொழுது சாயும் நேரத்தில் மீன்பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்து மிதந்த தியாம்-சாயை வேறொரு படகு கண்டெடுத்தது. பூன்-லியோங்கை மூன்றாம் நாள் கடல் கொண்டுவந்து கொடுத்தது. சவ அடக்கத்தில் தியாம்-சாய் தலை குனிந்து நின்றபோது, யூலான் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "நீ மட்டும் ஏன்யா திரும்பி வந்த?"

அதுதான் கடைசிச் சொல். அதற்குப்பின் ஒன்பது ஆண்டு, ஒரே சந்தை, ஒரே துறை, ஒரே கோயில். அவர் இந்தத் தெருவில் வந்தால் இவர் அந்தத் தெருவில் போவார்.

"வேற ஆள் பாருங்க தலைவரே" என்று யூலான் மன்றாடினார். தலைவர் மறுபடி கட்டை வீசினார். சம்மதம். மறுபடி வீசினார். சம்மதம். மூன்றாம் முறையும் சம்மதம். "நான் என்னம்மா பண்றது? பிடிவாதம் எனக்கில்ல, மேல இருக்கறவளுக்கு" என்றார் தலைவர்.

மறுநாள் இருவரையும் பூட்டில் சேர்க்க அழைத்தேன். தியாம்-சாய் எண்ணை அழுத்தும்போது யூலான் சுவரைப் பார்த்து நின்றார். யூலானின் முறை வந்தபோது அவர் பூட்டைத் தொடாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஷூ-மின், அந்தாளு பக்கத்துல என்னால நிக்க முடியாது. நான் காலையில வந்து அமுக்கறேன், அவரு சாயங்காலம் வந்து அமுக்கட்டும்."

"அப்படி ஆகாதுக்கா. ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது எண் விழணும்."

"ஒரு நிமிஷமா? அப்புறம் பத்து நிமிஷம் அதே ரூம்லயா? இது பூட்டா, ஜெயிலா?"

தியாம்-சாய் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஒவ்வொரு மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பூசைக்கு மகுடம் வெளியே வரவேண்டும். பெட்டகம் இருக்கும் அந்தச் சிறிய அறையில் ஒரே ஒரு நீள்பலகை. இந்த முனையில் இவர். அந்த முனையில் அவர். நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம். அந்த நான்கு பேர் இடத்திலும் உட்கார்ந்திருந்தது யார்? பூன்-லியோங் அல்லவா! பத்து நிமிடம், பேச்சில்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடி பத்து நிமிடம், பேச்சில்லை. ஊமைக் கடலைப் பார்த்திருக்கிறீர்களா? பூட்டைச் சரிபார்க்கப் போனபோதெல்லாம் நான் அந்த அறையில் பார்த்தேன்.

ஐந்தாம் மாதம் மின்விசிறி கிறீச்சிட்டது. அடுத்த முறை தியாம்-சாய் எண்ணெய்க் குப்பியோடு வந்து அதைச் சரிசெய்தார். யூலான் விசிறியைத்தான் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. எட்டாம் மாதம் புயல்மழை. தியாம்-சாய் நனைந்து வந்து ஓயாமல் இருமினார். யூலான் தம் குடுவையிலிருந்த இஞ்சித் தண்ணீரை மூடியில் ஊற்றிப் பலகையின் நடுவில் வைத்தார். முகம் மட்டும் சுவர்ப்பக்கம். அவர் குடித்தார். மூடியைத் துடைத்து அதே இடத்தில் வைத்தார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள்!

இனி இன்று காலைக்கு வருகிறேன். காவலர்களாக அவர்களுக்குக் கடைசி நாள். எட்டு நாற்பதுக்கு எண்களை அழுத்தினார்கள். விழா நாள் என்பதால் நான் கதவோரம் நின்றிருந்தேன். வெளியே முரசு முழங்க, உள்ளே மௌனம். பத்தாவது நிமிடம் பூட்டு கூவியது. தியாம்-சாய் எழுந்தார். யூலான் எழவில்லை.

"கேப்டன்."

ஒன்பது ஆண்டில் முதற்சொல்! தியாம்-சாயின் கை அந்தரத்தில் நின்றது.

"ஒண்ணு கேக்கணும். நெசத்த மட்டும் சொல்லணும்."

"கேளு தங்கச்சி." அவர் முகம் வெளுத்திருந்தது. எந்தக் கேள்வி வரும் என்று எண்ணி நின்றாரோ, நானும் அதையே எண்ணி நின்றேன்.

"அன்னிக்கு அவரு சாப்பிட்டாரா?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பூட்டு கூவிக் கூவி ஓய்ந்தது. இரண்டு நிமிடம் போயிற்று.

"அன்னிக்குக் காலைல சண்டை, கேப்டன். பெருசா ஒண்ணுமில்ல. சேத்துக் காலோட வந்து பாய மிதிச்சுட்டாரு. சோத்துப் பொட்டிய கட்டி வச்சிருந்தேன். கோவத்துல அத அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சுட்டேன். தேடிப் பாத்துட்டு வெறுங்கையோட போனாரு. கூப்பிட்டுக் குடுத்திருக்கலாம். குடுக்கல. ஒம்பது வருசமா தட்டுல கை வைக்கறப்பல்லாம் அதான் தோணுது. பசியோடயா போனாரு?"

தாய்மார்களே, அந்த அறையில் அப்போது என்ன நடந்தது தெரியுமா? கடலில் ஏழு மணி நேரம் மிதந்தும் கலங்காத அந்த மனிதர், பொத்தென்று பலகையில் உட்கார்ந்தார். முனையில் அல்ல, நடுவில்.

"பசியோடயா? யாரு, பூன்-லியோங்கா? என் பொட்டியில பாதிய காலி பண்ணிட்டான் தங்கச்சி! கறியும் சோறும் பாதிக்குப் பாதின்னுதான் பேச்சு. முட்டை ஒண்ணுதான் இருந்துச்சு. நான் தண்ணி குடிக்கத் திரும்பினேன். முட்டையக் காணோம்!"

யூலான் சிரித்தார். ஆம், சிரித்தார். "முட்டைன்னா விட மாட்டாரே" என்றார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று.

"இன்னொண்ணும் சொன்னான். 'வீட்ல இன்னிக்கு மூஞ்சி சரியில்லண்ணே, தப்பு எம்மேலதான்'னான். வலையில விழுந்ததுல பெரிய நண்டா ஒண்ணப் பொறுக்கி வாளியில தனியா போட்டான். 'இது யூலானுக்கு, யாரும் தொடக் கூடாது'ன்னான். அந்த வாளியும் போயிடுச்சு."

"இத ஏன் கேப்டன் இத்தன நாளா சொல்லல?"

"உன் வாசல் வரைக்கும் மூணு தடவ வந்தேன். கதவத் தட்டத் துணிவில்ல. நீ கேட்டது காதுலயே நிக்குது தங்கச்சி. 'நீ மட்டும் ஏன் திரும்பி வந்த'ன்னு. எனக்கே பதில் தெரியல."

யூலான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கள மனசுக்குள்ள திட்டுனாத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்ததாலதானே இன்னிக்கு அவரு சாப்பிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது."

இந்த நேரத்தில்தான் நம் தலைவர் பட்டுச் சட்டை பறக்க ஓடி வந்தார். "என்னம்மா ஷூ-மின்! நல்ல நேரம் ஓடுது! பல்லக்கு நிக்குது! இன்னும் என்ன பண்றாங்க?" நான் கதவிடுக்கைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். பார்த்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி நடந்தார். எங்கே போனார்? அன்னையின் முன்னால் மண்டியிட்டார். பிறைக்கட்டைகளை ஏந்தி, "தாயே, உன் பிள்ளைகள் ரெண்டு பேர் பேசிக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் காத்திருப்பியா?" என்று வீசினார். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. அதற்குப் பிறகே ஒலிபெருக்கியைப் பிடித்து, பூட்டு கெட்டுவிட்டது என்று என் மேல் பழி போட்டார்! தலைவரே, சிரிக்காதீர்கள். அந்தப் பொய்யை என் கடை மன்னித்துவிட்டது.

உள்ளே அவர்கள் மறுபடி எண்ணை அழுத்தினார்கள். பத்து நிமிடம். கூவியது, பேச்சு முடியவில்லை, இரண்டு நிமிடம் கடந்துவிட்டது. மூன்றாம் முறை அழுத்தினார்கள். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வல்ல தலைமை எண் கையில் இருந்தும் நான் என்ன செய்தேன்? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் தொழில் வாழ்வில் ஒன்றும் செய்யாமல் நின்றதற்காக நான் பெருமைப்படுவது இந்த ஒரு முறைதான்.

கதவு திறந்தது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் இவர், நடுவில் மகுடம். அழுத கண்ணோடு அணிவித்ததால் அது அன்னையின் தலையில் இடப்புறம் சற்றே சாய்ந்திருந்தது. பூசாரி நேராக்கக் கை நீட்டினார், தலைவர் தடுத்தார். இன்று ஊர் முழுதும் உலா வந்தாளே, சாய்ந்த மகுடத்தோடு, அதன் காரணம் இதுதான்!

என் அன்பு மக்களே! இப்போது கடைசிச் செய்தி. இன்று மதியம் குழுவில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நாற்பது நிமிடம் தாமதம் இனி கூடாது. அந்தப் பத்து நிமிடத்தைக் குறைத்து ஒரு நிமிடமாக்கு." என்னால் முடியும். பொத்தானை ஏழு முறை அழுத்தினால் போதும். ஆனால் மகுடம் அன்னைக்கு; அன்னை ஊருக்கு; ஆகவே ஊரைக் கேட்கிறேன். ஒன்பது ஆண்டை அவிழ்த்தது சாவியா? இல்லை! சட்டமா? இல்லை! சமாதானம் பேச வந்த பெரிய மனிதரா? இல்லை! எழுந்து போக முடியாத பத்தே பத்து நிமிடம்! அந்தப் பத்து நிமிடம் இருக்கட்டுமா, போகட்டுமா?

கேட்கவில்லை, இன்னும் உரக்க! இருக்கட்டுமா?

தலைவரே, கேட்டீர்களா? முரசுக்காரரும் கை தூக்கிவிட்டார். அதோ, சிப்பிக்காரப் பெண்கள் பந்தியில் இரண்டு கைகள் உயர்ந்திருக்கின்றன. ஒன்று யூலானுடையது. பக்கத்தில் தொப்பியோடு உயர்ந்திருக்கும் கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? ஆண்கள் பந்தியை விட்டு அவரை அங்கே உட்கார வைத்தது யார் என்றும் நான் சொல்லமாட்டேன்.

எனவே பூட்டு மாறாது. அவர்களுடைய எண்கள் இரண்டையும் இன்று மாலை நீக்கிவிட்டுப் புதியவர்களைச் சேர்ப்பேன். கட்டை யார் பெயரைச் சொன்னாலும், "அந்தாளோடயா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்; பிறந்தநாளை எண்ணாக வைக்கவும் வேண்டாம்!

பொறுமையோடு வெயிலில் நின்ற உங்கள் கால்களுக்கும், பொய் சொல்லியேனும் இருவரைக் காத்த தலைவருக்கும், மகுடமின்றிக் காத்திருந்த மாதாவுக்கும் என் நன்றி. உங்கள் வீட்டுச் சோற்றுப் பெட்டிகள் கோபத்திலும் கைமாறட்டும். விருந்து ஆறுகிறது, வாருங்கள், சேர்ந்து உண்போம். எல்லோருக்கும் இந்தப் பூட்டுக்காரியின் அன்பு வணக்கம்!