இருபத்து மூன்றாம் விதியின் கடைசி வரி

உங்கள் மேசையின் இடது முன்கால் கொஞ்சம் ஆடுகிறது. ஓர் அட்டையை நான்காக மடித்து அடியில் வைத்தால் போதும், எழுத்து கோணாது. நான் சொல்லப்போவது சற்று நீளம், அதனால்தான் சொல்கிறேன்.

முப்பத்தோரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்தேன். பாடப்புத்தகம், ஆண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் என் கண்ணைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் 'உணவுக்கு முன்' என்பது 'உணவுக்குப் பின்' என்று மாறியிருந்ததை ஒருமுறை நான்தான் பிடித்தேன். எத்தனை வயிறுகள் பிழைத்தன என்று யாரும் விசாரித்து வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குடியிருப்புக்கு வந்தோம். மூன்று கட்டடங்கள், எண்பத்து நான்கு வீடுகள். வீட்டு உரிமையாளர் சங்கம் தொடங்கியபோது விதிகளை எழுத ஆள் தேடினார்கள். "வீட்ல சும்மா உக்காந்து பேப்பர்ல தப்பு கண்டுபிடிச்சிட்டு இருக்கீங்க, போய் அதையாவது எழுதிக் குடுங்களேன்" என்றாள் என் மனைவி. எழுதிக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு விதிகள், ஓர் ஒற்றுப்பிழை கிடையாது. அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் நான்தான் செயலாளர். தலைவர்கள் மாறினார்கள். இப்போது இருப்பவர் பல் டாக்டர், நல்ல மனிதர், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்வார்.

விதிகள் எழுதினால் போதாது, அவ்வப்போது திருத்த வேண்டும். நடைபாதையில் செருப்பு அலமாரி வைக்கிறார்கள், மாடிப்படியில் சைக்கிளைப் பூட்டுகிறார்கள், பால்கனியில் துணி காயப் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம். கூட்டம் போட்டால் இருபது பேர் வருவார்கள். நான் படிப்பேன், கையைத் தூக்குவார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப் பதினேழு திருத்தங்கள் செய்தேன். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கடைசிக் கட்டடத்தில் நான்காம் மாடியில் ஒரு தம்பதி குடிவந்தார்கள். அந்த அம்மாள் பெரிய மருத்துவமனையில் அறுவை அறை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கணவர் பேருந்து ஓட்டியவர், அதனால் டிரைவர். அவருக்கு இதயத்தில் கோளாறு. படுக்கை நனைந்துவிடும் நாட்களில் சிஸ்டர் விரிப்புகளைத் துவைத்துப் பால்கனியில் போடுவார். நான் அறிவிப்பு ஒட்டினேன். கிழித்தார். மறுபடி ஒட்டினேன். அடுத்த கூட்டத்துக்கு விதிப் புத்தகத்தோடு வந்தார்.

"பால்கனியில துணி போடக் கூடாதுன்னு எப்போ விதி வந்துச்சு சார்?"

"ஆறு வருஷம் ஆச்சு."

"அன்னிக்கு எத்தனை பேர் வந்திருந்தாங்க?"

பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன். "பத்தொன்பது பேர்."

"முப்பத்தெட்டாம் விதி என்ன சொல்லுது? விதியை மாத்தணும்னா இருபத்தோரு நாள் முன்னாடி எல்லாருக்கும் எழுத்துல தெரிவிக்கணும். மொத்த வீட்டுக்காரங்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அதாவது அம்பத்தாறு. இது நீங்க எழுதுனதுதானே?"

"நான் எழுதினதுதான்."

"அப்போ பத்தொன்பது பேர் கையைத் தூக்குனா அதுக்குப் பேர் விதி இல்ல சார். உடற்பயிற்சி."

கூடமே சிரித்தது. பல் டாக்டரும் சிரித்தார், முப்பத்திரண்டும் தெரிய. கடைசி வரிசையில் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என் தோளில் கை வைத்தார். "மனசுல வச்சுக்காதீங்க. வீட்ல எனக்கும் இதே கதிதான்" என்றார். அன்று மாலை கேரம் ஆடக் கூப்பிட்டார். அதன் பிறகு தினமும் ஐந்து மணிக்கு ஆடினோம். அவர்மேல் எனக்குக் கடைசிவரை ஒரு வருத்தமும் கிடையாது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினேழு திருத்தங்களும் விழுந்தன. முறைப்படி மறுபடி ஓட்டுக்கு விட்டதில் மூன்றுதான் தேறின. குடியிருப்புப் பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்தார்கள்: செல்லாது சார். லிஃப்டில் நான் ஏறினால் யாராவது மெல்ல "செல்லாது" என்பார்கள், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். என் மனைவியின் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் அதோடு நிற்கவில்லை. தாமே ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தார். செயலாளர் வாயால் இடும் உத்தரவு எதுவும் இனிச் செல்லாது, கையெழுத்திட்ட சீட்டு இருந்தால்தான் செல்லும். "ஆளுக்குத் தகுந்த மாதிரி விதி வளையக் கூடாது. யாரும் யார்கிட்டயும் கெஞ்சிட்டு நிக்கக் கூடாது" என்று பேசினார். கைதட்டினார்கள். அறுபத்தோரு ஓட்டு. அவர் எழுதிக் கொடுத்த வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் ஒட்டவில்லை. நான்தான் திருத்திக் கொடுத்தேன். நன்றி சொன்னார்.

போன வருடக் கடைசியில் இரண்டு பைக்குகள் திருட்டுப் போயின. வெளிவண்டி எதுவும் உள்ளே வரக் கூடாது என்று எல்லோரும் பதறினார்கள். இருபத்து மூன்றாம் விதியைத் திருத்தினேன், இந்த முறை முறைப்படி. இருபத்தோரு நாள் அறிவிப்பு, அறுபத்து மூன்று ஓட்டு. வெளிவண்டி எதுவானாலும் செயலாளரின் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் பெரிய கதவைத் திறக்கக் கூடாது. கடைசி வரி: ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இந்த விதி பொருந்தாது.

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க சிஸ்டரையே கூப்பிட்டேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரல் வைத்துப் படித்தார். அச்சகத்தில் இருந்திருந்தால் நன்றாக வந்திருப்பார். கடைசி வரியில் விரல் நின்றது. "இது முக்கியம் சார். எங்க வீட்டுக்கு எப்ப வேணா தேவைப்படும்" என்றார். "தெரியும் சிஸ்டர்" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியும். முந்தின நாள்தான் வாசல் பதிவேட்டைப் புரட்டியிருந்தேன். இரண்டு வருடத்தில் ஆம்புலன்ஸ் ஐந்து முறை வந்திருந்தது. ஐந்து முறையும் அந்த வீட்டுக்குத்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் லிஃப்டில் இறங்கும் சத்தம் கேட்ட பிறகு அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்து கடைசி வரியை எடுத்தேன். பத்தியை இழுத்துச் சரிசெய்தேன், இடைவெளி தெரியாது. பிறர் விட்ட வரிகளை ஆயுள் முழுக்கத் தேடியவனுக்கு ஒரு வரியை எப்படி விடுவது என்று தெரியாதா? எண்பத்தைந்து பிரதிகள் அடித்தேன், வீட்டுக்கு ஒன்று, வாசல் காவலறைக்கு ஒன்று. ஓட்டுப் போட்ட புத்தகத்தை யாரும் திறந்து படிப்பதில்லை.

பழைய காவலாளி முகம் பார்த்துக் கதவு திறக்கிற ஆள். அவரை மாற்றச் சொல்லி அவரை அனுப்பிய கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். புதிதாக வந்தவர் பொறுமையானவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். "ஆளைப் பார்க்காதீங்க, புத்தகத்தைப் பாருங்க. சீட்டு இல்லாம திறந்தா மறுநாள் உங்களுக்கு இங்க வேலை இருக்காது" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவரை விட்டுவிடுங்கள். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் கேரம் ஆடினோம். பெரும்பாலும் டிரைவர்தான் ஜெயிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் காவலாளி போன் செய்தார்.

"சார், ஆம்புலன்ஸ் வந்து நிக்குது. கடைசி பில்டிங் நாலாவது மாடிக்காம். சீட்டு இல்ல."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

படித்தார். நிதானமாகத்தான் படித்தார். "உங்க சீட்டு வேணும்னு இருக்கு சார். நீங்க சொன்னீங்கன்னா திறந்துடுறேன்."

"நான் வாயால சொன்னா செல்லாது. எழுதி எடுத்துட்டு வர்றேன்."

சட்டை மாற்றிக்கொண்டேன். மனைவி சமையலறையிலிருந்து "என்னங்க சைரன் சத்தம்?" என்று கேட்டாள். "வாசல்ல ஏதோ வண்டி" என்றேன். ஏழாவது நிமிடம் காவலாளி தாமாகவே சின்னக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் ஆட்களில் ஒருவர் கையில் கிடைத்த பையோடு ஓடினார். ஸ்ட்ரெச்சர் அந்தக் கதவில் நுழையாது. கனமான கருவிகள் எல்லாம் வண்டியிலேயே இருந்தன. பதினோராவது நிமிடம் நான் சீட்டைக் கொடுத்தேன், பெரிய கதவு திறந்தது. டிரைவரை வீட்டு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் முன்னால் கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவமனை டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் துறையில் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

இறுதிச் சடங்குக்குப் போனேன். தூக்கவும் தோள் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பல் டாக்டர் அவசரமாக எல்லோரையும் கூட்டினார். நாற்பது பேர் இருந்தார்கள். "இப்பவே கையைத் தூக்குங்க, அந்த விதியை மாத்திடுவோம்" என்றார். கைகள் உயர்ந்தன. சிஸ்டர் எழுந்தார், அழுது வீங்கிய முகம், குரல் மட்டும் பழையதுதான்.

"கையை இறக்குங்க. இருபத்தோரு நாள் நோட்டீஸ் குடுங்க. அம்பத்தாறு ஓட்டு வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் தம் கைப்பேசியை எடுத்துப் பல் டாக்டரிடம் காட்டினார். என் மேசையில் கையெழுத்துப் போட்ட அன்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். நான் டீ வாங்க உள்ளே போயிருந்தபோது எடுத்திருக்க வேண்டும். மறுநாள் நீங்கள் போலீஸ் ஜீப்பில் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

அந்த வரியை நான்தான் எடுத்தேன். ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விதி என்பது மனிதன் கையில் இருக்க வேண்டிய பொருள், அதைக் காகிதத்தோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று ஒருவருக்குக் காட்ட நினைத்தேன், அவ்வளவுதான். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் பன்னிரண்டு வருடம் பார்த்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஓர் எறும்பை மிதித்திருக்க மாட்டேன்.

ஒரு சீட்டு எழுதப் பதினோரு நிமிடமா என்றும் கேட்டீர்கள். எழுத நேரம் ஆகவில்லை. காவலாளி மாறிய அன்றே அதை எழுதி வைத்துவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை. நான் கீழே இறங்கும்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

என் கைப்பேசியில் பத்து பதினெட்டுக்கு சிஸ்டரிடமிருந்து வந்த அழைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு நிமிடம் பேசினோம். போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். இரண்டு கைகளாலும் கணவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டே எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது, இருபது, இருபத்தொண்ணு. நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "சார், சீட்டெல்லாம் வேணாம். வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, திறந்துடுவான். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்" என்றார்.

அப்போது நான் வாசல் அருகே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். காவலாளி பத்தடி தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். சைரன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். மறுபடி சொன்னார். இன்னும் தெளிவாகச் சொல்லச் சொன்னேன். மொத்தம் நான்கு முறை சொன்னார். முதல் முறையே எனக்கு நன்றாகக் கேட்டது.