பெட்டியில் ஒரு பள்ளம்

உங்கள் வக்கீல் ஆபீஸில் காபி நன்றாக இருக்கிறது, மேடம். வீட்டில் என் சம்சாரம் சுப்புத்தாய் மூன்று நாளாக அடுப்பே பற்றவைக்கவில்லை. பெற்ற மகளை விற்ற மனுசனுக்குக் காபி ஒரு கேடா என்கிறாள். விற்றேன் என்பது அதிகம். நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. வருஷம் முழுக்க வெடி செய்கிறவனுக்குச் சத்தம் போடாத பொருள் மேல் ஆசை வருவது இயற்கை. எனக்குப் பழைய துப்பாக்கி. ஜெய்ப்பூர் ஏலத்தில் பதினெட்டு லட்சத்துக்கு ஒன்று எடுத்தேன். ஒரு ஜமீனுக்காகச் செய்த ஜோடியில் ஒன்று. பிடியில் வெள்ளி மயில். தேக்குப் பெட்டி, சிவப்பு வெல்வெட்டில் இரண்டு பள்ளம். ஒன்று காலி. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பள்ளம்தான் கண்ணில் நிற்கும். சோறு இறங்கவில்லை, மேடம்.

அதன் ஜோடி சாத்தூர் செந்தூர்பாண்டியிடம் இருந்தது.

“எம்புட்டுக் குடுத்தாலும் விக்க மாட்டேன் அண்ணாச்சி. எங்க தாத்தா வாங்குனது. குடும்பத்தை விட்டு வெளிய போகாது” என்றார்.

“அப்ப குடும்பத்துக்குள்ள வந்துருதேன்” என்றேன். அவருக்கு ஒரு மகன், எனக்கு ஒரு மகள்.

அந்த மகன் விக்னேஷ்வரனுக்கு ஏற்கெனவே இரண்டு நிச்சயதார்த்தம் முறிந்திருந்தது. கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார் என்று சாத்தூரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் மகள் கீர்த்திகா கேட்டபோது, “தங்கமான இடம்த்தா” என்றேன். ஊரில் மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்பார்கள்; இங்கே நான் கேட்டேன். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது துப்பாக்கியும் வர வேண்டும்.

சித்திரையில் கல்யாணம். ஆடிக்கு அழைத்து வந்தபோது அவள் புருவத்தில் மூன்று தையல். எறிந்தது எவர்சில்வர் டம்ளர்தான்.

“நான் திரும்பிப் போகலப்பா” என்றாள்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. “கொஞ்சம் பொறுத்துக்கத்தா. ஐப்பசி வந்தா எல்லாம் சரியாயிரும்” என்று நானே காரில் கொண்டுபோய் விட்டேன்.

ஐப்பசியில் சரியாகத்தான் ஆனது. துப்பாக்கி பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

தை மாதம் அவள் புருஷன் வீட்டில் சொல்லாமல் விருதுநகரில் தோழி நாஜியா வீட்டுக்குப் போய்விட்டாள். செந்தூர்பாண்டி போன் செய்தார்: “மருமக வரலைன்னா எங்க பொருளைத் திருப்பிக் குடுத்துருங்க, சம்பந்தி.”

அந்த விலாசத்தை அவள் என் ஒருவனிடம்தான் நம்பிச் சொல்லியிருந்தாள். அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்தது நான்தான். கதவைத் தட்டுவார் என்று நினைத்தேன், உடைத்துவிட்டார். நாஜியாவின் அம்மா கைருன்னிசா இடியாப்ப உரலோடு வந்து நின்றதால் கீர்த்திகா தப்பினாள். இப்போது மாப்பிள்ளைக்கும் ஐந்து தையல்.

பாசம் இல்லையா என்கிறீர்கள். பாசம் இல்லாதவன் காலை ஒன்பது மணிக்கே உங்கள் வாசலில் வந்து நிற்பானா? தப்பு என்னுடையது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் பிரிந்தே இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கத்தான் வந்தேன். அவளுடைய மூன்று தையலுக்கு நஷ்டஈடு உண்டு என்கிறார்கள். அதைப் பணமாக வேண்டாம், அவர்கள் திருப்பிக் கேட்கிற அந்தத் துப்பாக்கியாகவே எழுதி வாங்கித் தர முடியுமா?