பீச்சாங்கைக் கிட்டார்

ஆடித் திருவிழாவின் இந்த அழகிய மாலையில், ஏரிப் பாசனத்துக்கும் இந்த மேடைக்கும் ஒரே குரலில் உத்தரவு போடும் உரம் பெற்ற விழாக் குழுத் தலைவர், பெருமகனார் சடையப்பன் அவர்களே! அவருக்கு அருகே அணிவகுத்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! பந்தலுக்குள் இடம் பிடித்த பாக்கியசாலிகளே! பந்தலுக்கு வெளியே டிராக்டர் மீது ஏறி நிற்கும் தோழர்களே! உலையும் உழவும் உங்கள் கைகளால்தான் நடக்கின்றன என்று நான் உளமார நம்பும் தாய்மார்களே! எனக்குப் பின்னால் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மெல்லிசைக் குழுவினரே! அனைவருக்கும் வணக்கம். ஒரு கையில் மைக் இருப்பதால் மற்றொரு கையால் பாதி வணக்கம்தான் வைக்க முடிகிறது. மீதிப் பாதியைப் பேசி முடித்ததும் தருகிறேன்.

முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. "மைக்கப் போயி இடது கையில வாங்குறாரே, இன்னா மனுசன் இவரு?" ஐயா, கேட்டுவிட்டது. நான் பிறவி இடக்கைக்காரன். உத்திரமேரூரில் பிறந்து, காஞ்சிபுரத்தில் பட்டம் பெற்று, சென்னையில் முதுகலை முடித்துத் திரும்பிய பிறகும் என் கை மாறவில்லை. உங்கள் முணுமுணுப்பும் மாறவில்லை.

நான் பேச எழுந்த அதே நேரத்தில் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னைகளில் வழங்கத் தொடங்கிய குழுவினருக்கு என் நன்றி. அழைப்பிதழில் என் பெயரை ஒலி ஒளி அமைப்பாளரின் பெயருக்குக் கீழே போட்டவர்களும் இவர்கள்தான். பட்டத்தை விட்டுவிட்டார்கள். பரவாயில்லை. சாப்பிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். "தந்தி முறுக்கி முடிக்கிற வரைக்கும் எதுனா பேசிக்கினு இருங்க. மெட்ராசுல கிட்டார் கண்காட்சிக்குப் போனீங்களாமே, அதைச் சொல்லுங்க" என்றார் தலைவர். அதையேதான் சொல்லப் போகிறேன். ஆனால் கதை நந்தம்பாக்கத்தில் தொடங்கவில்லை. இதோ, இந்தத் திடலில் தொடங்குகிறது.

அப்போது நான் கல்லூரி மாணவன். கையில் ஒரு கிட்டார். வலக்கைக்காரர்களுக்காகச் செய்த சாதாரணக் கிட்டார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இடக்கைக்காரன் வாசிக்க வேண்டுமென்றால் தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்ட வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டேன். மேலே இருக்க வேண்டிய தடித்த தந்தி கீழே போயிற்று. கீழே இருக்க வேண்டிய மெல்லிய தந்தி மேலே வந்தது. கவிழ்ந்த கருவியில் கவிழ்ந்தபடியே கற்றேன். என் விரல்களுக்கு அதுவே நேராகிவிட்டது.

நம் ஊர் மெல்லிசைக் குழுவின் தலைவராக அன்று இருந்தவர் மோகன் அவர்கள். கிட்டாரில் அவருக்கு நிகர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். திருவிழாவின் முதல் பாட்டான சாமி பாட்டுக்கு என்னையும் ஏற்றினார்கள். நான்கு வரி வாசித்திருப்பேன். பாட்டை நிறுத்தினார் மோகன். மைக்கிலேயே கேட்டார்: "டேய், சாமி பாட்டுடா இது! பீச்சாங்கையால வாசிக்கறியே, இன்னா நெனச்சிக்கினு கீற? எறங்கு கீழ!"

அந்தச் சொல்லை மேடையில் சொல்லலாமா என்று முகம் சுளிக்கிறீர்கள். இதே மேடையில் சொல்லப்பட்ட சொல்தான் ஐயா அது. அன்று நீங்கள் சுளிக்கவில்லை. சிரித்தீர்கள். கழுவுகிற கை என்று சிரித்தீர்கள். மறுநாளே குழு கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது: முதல் பாட்டை இடக்கையால் எவரும் வாசிக்கக் கூடாது. போடச் சொன்னவர் மோகன். ஆமோதித்தவர், இதோ, நம் தலைவர்.

மறந்திருக்கலாமே என்கிறீர்களா? முயன்று பார்த்தேன். முடியவில்லை. மோகன் தெரு வழியாகப் போனால் பேருந்து நிலையம் பக்கம். நான் ஏரிக்கரை வழியாகச் சுற்றித்தான் போவேன். மழையானாலும் சுற்றுவேன். மூட்டுவலி வந்த பிறகும் சுற்றுகிறேன்.

இனி கண்காட்சிக்கு வருவோம்.

போன ஆண்டு நந்தம்பாக்கத்தில் இசைக்கருவி வணிகர்களின் பெரிய கண்காட்சி. உள்ளே நுழைந்தேன். என்ன ஓசை! என்ன ஒளி! இந்தக் கடையில் டிரம்ஸ் இடிக்கிறது, அந்தக் கடையில் கீபோர்டு குழைகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒருவர் செல்போனில் "கேக்கலப்பா, கேக்கல" என்று கத்துகிறார். தறிவீட்டில் பாவு இழுத்துக் கட்டிய மாதிரி, சுவர் முழுக்கக் கிட்டார்கள். கறுப்பு, செம்பழுப்பு, தேன் நிறம். தடவிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். புது மரத்துக்கும் மெருகுக்கும் ஒரு மணம் உண்டு. அது கிட்டார் பித்தனுக்குத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் எந்தக் கைக்கு? வலக்கைக்கு. எத்தனை கடை ஏறினாலும் எந்தக் கைக்கு? வலக்கைக்கு!

கடைசியில் ஒரு கடை. ஆல்வின் என்று ஒரு விற்பனையாளர், பெரம்பூர்க்காரர். "இடக்கைக் கிட்டார் இருக்கிறதா?" என்றேன்.

"லெஃப்டியா சார்? ஒண்ணே ஒண்ணு கீது. ஆனா அந்த சாரும் அதைத்தான் கேட்டுக்கினு நிக்கறாரு."

திரும்பினேன். அங்கே நின்றவர் யார்? மோகன். பக்கத்தில் அவர் மனைவி பரிமளா.

உங்களுக்குத் தெரியும், அறுவடை இயந்திரத்தின் பெல்ட்டில் சிக்கி மோகன் அவர்களின் இடக்கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. கிட்டார் வாசிக்கும் வலக்கைக்காரர் தந்தியை அழுத்துவது இடக்கை விரல்களால்தான். அழுத்த விரல் இல்லை. இனி அவர் வாசிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, கையை மாற்றிக்கொள்வது. வலக்கை விரலால் அழுத்தி, இடக்கையால் மீட்டுவது. அதாவது, என்னைப் போல!

"இன்னாங்க, நம்ம கலைச்செல்வன் அண்ணன் மாதிரி கீதே" என்றார் பரிமளா, என்னைப் பார்த்து.

நான் அந்தக் கிட்டாரைத்தான் பார்த்தேன். என் வாழ்நாளில் என் கைக்கென்று செய்த ஒரு கருவியைப் பார்த்தது அதுவே முதல் முறை. ஆல்வினிடமிருந்து பறிக்காத குறையாக வாங்கினேன். வழவழப்பான உடல் என் மார்பில் பொருந்தியது. மோகன் பார்க்கட்டும், பார்த்துப் பொசுங்கட்டும் என்று விரலை வைத்தேன். இழுத்தேன்.

என்ன வந்தது தெரியுமா? நாராசம்!

மறுபடி வைத்தேன். மறுபடியும் நாராசம். அது முறையாகச் செய்த இடக்கைக் கிட்டார். தடித்த தந்தி மேலே, மெல்லிய தந்தி கீழே. நானோ கவிழ்த்துக் கற்றவன். என் விரல் போகிற இடத்தில் தந்தி இல்லை, தந்தி இருக்கிற இடத்துக்கு விரல் போகவில்லை. இத்தனை காலம் எதற்காக ஏங்கினேனோ, அது என் மடியில் இருக்கிறது. எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

மோகன் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "நீ தலகீயா கத்துக்கினவன் கலை. அதுல உன் வெரலு நிக்காது" என்றார் மெதுவாக.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பரிமளா முந்திக்கொண்டார். "தெரியாம இன்னா அண்ணே? அன்னிக்கு உன்னை எறக்கிவுட்டு வூட்டுக்கு வந்த மனுசன், பாயில படுத்துக்கினு வெரல வெரல மடக்கிக் காட்றாரு. 'தந்திய மாத்தவே இல்ல பரிமளா, அப்டியே கவுத்து வாசிக்கறான், எப்டின்னே தெரியல'ன்னு ஒரு மாசம் அதே பேச்சு. ஒரே பேஜாரு எனக்கு. 'அப்ப அவனையே போயிக் கேளுயா'ன்னேன். போவணுமே!"

"ஏ, சும்மா இரு நீ" என்றார் மோகன்.

"நான் சும்மா இருந்துதான இத்தினி வருசம் போச்சி" என்றார் பரிமளா.

அதைக் கேட்டதும் என் கோபம் தணிந்தது என்று எண்ணுகிறீர்களா? வளர்ந்தது! தெரியாமல் இறக்கியிருந்தால் மூடன் என்று விட்டிருப்பேன். தெரிந்துகொண்டே இறக்கியிருக்கிறார். கிட்டாரை நீட்டினேன். வாங்கினார். ஆல்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப யாருக்கு சார் லெஃப்டி?" என்றார்.

மோகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். "எனக்குத்தான் நைனா. இனிமே நான்தான் பீச்சாங்கையால வாசிக்கணும்."

அதே சொல்! இந்தத் திடலில் என்மீது எறிந்த அதே சொல்லை, அந்தக் கூடத்தில் அவரே எடுத்துத் தன்மீது போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகத் தந்தியில் வைத்தார், பள்ளிப் பிள்ளை அரிச்சுவடியில் விரல் வைப்பது போல. இடக்கையால் இழுத்தார். தகரத்தில் சரளைக்கல் உருண்டது. மறுபடி வைத்தார். உருண்டது. பக்கத்துக் கடை டிரம்ஸ் நின்றிருந்த ஒரு நொடியில், ஒரே ஒரு முறை, முழுதாக, மணியாக ஒலித்தது. பரிமளா முந்தானையைச் சரிசெய்யும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்று முதல் அவர் தெருவில் இருப்பவர்கள் கேட்டிருப்பீர்கள். காலையில் சரளைக்கல், மாலையில் சரளைக்கல். பிறகு மெல்ல மெல்லப் பாட்டு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். காற்று ஏரிக்கரைப் பக்கமும் வீசும்.

இப்போது செய்திக்கு வருகிறேன். இன்று முதல் பாட்டை வாசிக்க மோகன் தயார். கிட்டார் இதோ மேடைப் படிக்கட்டில் உறையோடு இருக்கிறது. ஆனால் அவர் எங்கே இருக்கிறார்? கடைசி வரிசையில்! ஏன்? "கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். போட்டவனே மீறுனா ஊரு சிரிக்கும்" என்கிறார் தலைவர். மோகனும் அதையே சொல்கிறார். இதோ, அங்கிருந்தே கையாட்டுகிறார், "வேணாம் கலை, வுட்டுடு" என்று. விட மாட்டேன் ஐயா! நான் எதையும் விட்டவன் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

குடவோலையைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் ஒரு மேடை முடிந்ததுண்டா? ஓலையைக் குடத்திலிட்டு ஆளைத் தேர்ந்த ஊர் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். தட்டியது போதும். இன்று தேர்ந்து காட்டுவோம். மோகன் இடக்கையால் முதல் பாட்டை வாசிக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள். தாய்மார்களே, தோழர்களே, டிராக்டர் மீது நிற்பவர்களே, தூக்குங்கள்!

அடடா. அப்படியே வைத்திருங்கள். இறக்காதீர்கள். தொன்னையோடு தூக்கியிருக்கிறீர்களே! பந்தல் முழுக்கத் தொன்னைகள்! இப்போது உங்கள் கையை நீங்களே பாருங்கள். எந்தக் கை அது?

வலக்கையில் பொங்கல் பிசுக்கு. எச்சில் கையைச் சபையில் தூக்கக் கூடாது என்று நான் சொன்னேனா? பொங்கல் கொடுத்த குழு சொன்னதா? உங்கள் கைக்கே தெரிந்திருக்கிறது. சோத்துக்கை எச்சிலானபோது சபையில் எழுந்து வாக்களித்தது எது? இடக்கை! கோயில் பிரசாதத்தை ஏந்தி நிற்பது எது? இடக்கை! சாமி பிரசாதத்தைத் தாங்கலாம், சாமி பாட்டை மட்டும் வாசிக்கக் கூடாதா?

தலைவர் அவர்களே, உங்கள் தொன்னையும் தோளுக்கு மேலே வந்துவிட்டது. பார்த்துவிட்டேன். இறக்கினாலும் பார்த்தது பார்த்ததுதான்.

நான் மோகனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். நாளையும் ஏரிக்கரை வழியாகத்தான் போவேன். ஆனால் என்னைத் தடுக்கப் போட்ட அந்தச் சட்டம் அவரையும் கீழே உட்காரவைத்தால், அது என் கோபத்தைக் கேலி செய்கிறது. அவர் ஏற வேண்டும். ஏறி வாசிக்க வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முழுப் பாட்டையும் கேட்க வேண்டும்.

எழுந்துவிட்டார். வழி விடுங்கள். பரிமளா அம்மா, அந்த உறையை நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், பொங்கல் கொடுத்து எனக்கு வழக்கை வென்று தந்த விழாக் குழுவுக்கும் நன்றி. தொடக்கத்தில் வலக்கையின் வணக்கத்தை மட்டும் வைத்தேன். இதோ மைக்கை வைத்துவிடுகிறேன். மீதிப் பாதி, இந்த இடக்கையின் வணக்கம்.