மஞ்சள் துணிமேல் ஊதாத் திராட்சை

மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. இதை ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகவே புரிந்துவிடும் ஐயா.

மேசைமேல் மஞ்சள் துணி, அதன்மேல் நீல ஜாடி, ஜாடியின் காலடியில் ஒரு குலை ஊதாத் திராட்சை. அவ்வளவுதான் என் படம். நவீன ஓவியத்தில் ஜாடி ஜாடியாக இருக்க வேண்டியதில்லை, உருளையாக இருந்தால் போதும். குலை ஒரு முக்கோணம். அதில் ஒரு பழம் குறைந்தாலும் ஜாடி சாய்வதுபோல் ஆகிவிடும்.

என் மனைவியின் அண்ணன் வேலை போன பிறகு எங்களோடு தங்கியிருந்தார். நல்ல மனிதர். காலையில் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, குலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து மேலே எறிந்து, அண்ணாந்து வாயால் பிடிப்பார். ஒன்றுகூடத் தவறாது.

"என்ன மாப்ள, ஜாடிக்குப் பல்வலியா? ஒரு பக்கம் வீங்கிக் கெடக்கு" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருமல் மாதிரி இருக்கும். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் தின்னாதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

அதனால் மெழுகில் திராட்சை செய்தேன். நிஜப் பழத்தின் அதே அளவு, அதே ஊதா. லேசாக இழுத்தாலே காம்பிலிருந்து வந்துவிடும்படி பொருத்தினேன். எடுப்பவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது.

மறுநாளும் மச்சான் எறிந்தார், பிடித்தார். முகம் முதலில் சிவந்தது, பிறகு ஊதாவானது. திராட்சையின் நிழல் பக்கத்துக்கு நான் எத்தனையோ நாளாகத் தேடிய ஊதா. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அந்த நிறம் அதிக நேரம் நிற்காது என்பதால் அவசரமாகக் கலக்க வேண்டியிருந்தது.

"அங்க என்ன சத்தம்?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. உங்கண்ணன் என் படத்தப் பாத்துச் சிரிக்கிறாரு."

தினமும் நடப்பதுதானே, அவள் வரவில்லை. அந்தப் பொய்க்காக வருந்துகிறேன். எனக்குப் பொய் பழக்கமில்லை.

படத்தை நீங்களும் பார்த்தீர்கள். பிய்த்துத் தின்னலாம் போலிருக்கிறது என்று உங்கள் காவலரே சொன்னார்.

முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் என் கையெல்லாம் ஈர வர்ணம், மச்சான் அன்றைக்குப் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.