கூச்சம் குறைக்கும் பற்பசை

என் மகளின் சிரிப்புக்கு விலை நூற்றுக்கு எட்டு, டாக்டர். பல் பார்க்கிற உங்களுக்கு இது வினோதமாக இருக்கலாம். டைல்ஸ் வியாபாரத்தில் இதை அளந்தே சொல்லலாம். பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டு வருகிறவர், அவள் சிரித்து நாலு வார்த்தை பேசினால் இரண்டுக்கு இறங்கிவிடுவார்.

வேறு ஊரில், பெரிய ஓட்டலில் வரவேற்பாளர் வேலை அவளுக்குக் கூடிவரும் போலிருந்தது. போய் வா என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் போனால் போவது அந்த எட்டு மட்டுமில்லை. கடையில் என்னோடு சண்டை போடவும் ஆள் இருக்காது. கடைசி நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கையில், வீட்டிலேயே பல் வெளுக்கிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். அதிலிருந்த நிற அட்டையைப் பல்லருகே பிடித்து, "நம்ம கடையில பதினேழு வெள்ளை இருக்கு. இதுல நான் எதுப்பா?" என்றாள்.

"உன்னோடது கம்பெனி நிறுத்திட்ட டிசைன்மா. வேற எங்கயும் கிடைக்காது."

நான்காம் நாள் பல் கூச ஆரம்பித்தது. பெட்டியோடு வந்த தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். நல்ல தாள், குறை சொல்ல முடியாது. மருந்தை அரை மணிக்கு மேல் வைக்காதே, கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு, கூச்சத்துக்கென்று விற்கிற பற்பசையால் மெதுவாகத் தேய், அப்படியும் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். வாசிக்கும்போதே அது எனக்குத் தலைகீழாகவும் புரிந்தது, எதையெல்லாம் செய்தால் கூச்சம் கூடும் என்று. நான் தேடவில்லை. எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் பார்த்தே வளர்ந்தவன். கண் தானாகப் போயிற்று.

முதலில் நான் எதுவும் செய்யவில்லை. மருந்து தடவிய பல் உறையை வாயில் மாட்டுமுன், "அரை மணி ஆச்சுன்னா சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டுச் சரக்கு எண்ண உட்கார்ந்துவிடுவாள். கடிகாரம் என் எதிரில் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னேன். சும்மா இருந்ததும் குற்றத்தில் சேருமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

பிறகு பற்பசை. கூச்சத்துக்கு அவள் வாங்கிய டியூபின் வாலைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் பிதுக்கி எறிந்துவிட்டு, கறை நீக்குகிற சொரசொரப்பான பசையை நிரப்பி மடித்தேன். டைல்ஸ் இடுக்கை அடைக்கிற குழல் கடையில் உண்டு. பத்து நிமிட வேலை. ஆசிட் ஊற்றிய தரையை முரட்டு பிரஷால் தேய்க்காதீர்கள், பளபளப்பு போய்விடும் என்று தினமும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன் என்றாள். அப்படியானால் பாதிதான் வெளுக்கும் என்றேன். அவளும் விடாமல் பேரம் பேசினாள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று முடிந்தது. வலி தாங்காமல் உங்களைப் பார்க்க வேண்டும் என்றபோது, நானே போன் செய்ததாகவும் நீங்கள் ஊரில் இல்லை என்றும் சொன்னேன். நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள்.

"நீ இல்லன்னா நான் என்னப்பா பண்ணுவேன்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நேர்காணல் அறையில் ஏசி ஓடியதாம். வாயைத் திறந்தாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்ததாம். கையால் வாயைப் பொத்தியபடி பதில் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"சிரிங்கன்னாங்கப்பா. முடியல."

அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை. பத்து நாளில் கூச்சம் போகும், மகள் கூடவே இருப்பாள், யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்திருந்தேன். முன்பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்ததும், அதன் வழியே மருந்து இறங்கிப் பல்லின் நரம்பு செத்துவிட்டதும் இன்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவள் கொண்டுவந்த அந்த டியூபை அழுத்திப் பார்த்துவிட்டு அவளை வெளியே உட்காரச் சொன்னீர்களே, அப்போதே பிடிபட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

நானே அவளிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். நான் செய்தது மொத்தம் நான்கு. நான்கையும் சேர்த்துச் சொன்னால் தாங்கமாட்டாள், டாக்டர். கடிகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஓய்வு நாளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு போதாதா?

டியூபை என் பக்கம் நகர்த்துகிறீர்கள். சரி, மூன்று. அந்த டியூபை மட்டும் விட்டுவிடுங்கள்.